ஊருணிக்கு எழுதிய மொய்

உள்ள வா தாயி. செருப்பைக் கழட்ட வேணாம், தரை பூராப் புளியங்கொட்டையாக் கெடக்கு, காலு வழுக்கும். அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. அங்க வேணாம், இங்கிட்டு. அங்க உக்காந்தா எனக்கு வாசல் மறைக்கும். தெருவுல யாரு வாராக யாரு போறாகன்னு தெரியணும்ல. ஒருத்தரும் வரப்போறதில்ல. சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்.

தண்ணி குடிக்கிறியா? கேன் தண்ணிதான், பயப்படாமக் குடி. காப்பி வேணும்னா போடுறேன். வேணாமா? சரி, நான் பாட்டுக்குப் புளியைத் தட்டுறேன், நீ பாட்டுக்குக் கேளு. கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது.

என்ன கேட்ட? ஊருணியைப் பாதுகாக்க மாசம் எம்புட்டுக் குடுப்பீகன்னா?

இதைக் கேக்கவா காரைக்குடியில இருந்து பஸ் ஏறி வந்த? பேனாவை மூடு தாயி. தொகை சொல்றேன், சொல்லாம எங்க ஓடிப்போகப் போறேன். ஆனா இதே கேள்வியை இதே மாதிரிக் காயிதத்தை வச்சுக்கிட்டு முன்னாடி ரெண்டு பிள்ளைக வந்து கேட்டுச்சுக. அந்தக் கேள்வியால எனக்கு என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுது.

வார வியாழக்கிழமை எங்கண்ணன் மக கல்யாணம். ஒரே அண்ணன், ஒரே தங்கச்சி நாங்க. தெருமுனையில பந்தக்கால் நட்டிருக்கே, பாத்தியா வரயில? அந்த வீடுதான். எங்க பக்கம் பொண்ணு கல்யாணம்னா கூடப் பொறந்தவளுக்குத்தான் மொதப் பாக்கு. வெத்தலை பாக்கும் பத்திரிகையும் தட்டுல வச்சு, அண்ணனும் அண்ணியும் சேந்து வந்து நின்னு கூப்புடணும். அதுக்குப் பெறகுதான் ஊருக்குப் பாக்கு. கீழத்தெரு முடிஞ்சுருச்சு. மேலத்தெரு முடிஞ்சுருச்சு. எதுத்த வீட்டுக்கு முந்தாநேத்து வந்தாக. இந்த வாசல்ல செருப்பைக் கழட்டி விட்டுட்டு அந்த வீட்டுக்குள்ள போனாக தாயி. இந்த வாசல்ல. நான் உள்ள அடுப்படியில நின்னுக்கிட்டு அந்தச் செருப்பையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அழுகலை. புளித்தூசி.

ஊருணின்னா உனக்குத் தெரியுமில்ல? கம்மாயில குளிக்கலாம், மாடு கழுவலாம், துணி தொவைக்கலாம். ஊருணி குடிக்கிறதுக்கு மட்டும். அதுல காலு நனையக் கூடாது. இங்க போர் போட்டா உப்பு. வாயில வைக்க முடியாது, துணியில பட்டா வெள்ளை பூத்துப் போகும். பைப்புத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வரும், வந்தா வந்துச்சு. அதனால குடிக்க, சோறு வடிக்க, பருப்பு வேக, எல்லாத்துக்கும் ஊருணிதான். வேற ஊருல கட்டிக் குடுத்த பிள்ளைக இங்க வந்தா திரும்பிப் போகயில ரெண்டு குடம் கட்டிக்கிட்டுப் போகும்.

அப்படி இருந்த ஊருணி கெட்டுப் போச்சு. மூணு ஐப்பசிக்கு முந்தி நல்ல மழை. கரையில இருக்க குப்பை, சாணி எல்லாத்தையும் அடிச்சு உள்ள தள்ளிருச்சு. ஊரே வாந்தியும் வயித்தாலையும். வேன் வச்சு ஆசுபத்திரிக்கு ஏத்துனாக. கீழத்தெரு மீனாளோட மாமியா போய்ச் சேந்துருச்சு. நல்லா நடமாடிக்கிட்டு இருந்த மனுசி, மூணே நாளு.

அதுக்குப் பெறகுதான் அந்தப் பிள்ளைக வந்துச்சுக. வீடு வீடாப் போயி, தனியா உக்கார வச்சு, ஊருணிக்குக் காவல் போட, கரையைச் சுத்தி வேலி போட, மாசம் எம்புட்டு தருவீகன்னு கேக்கணும்னுதான் வந்துச்சுக. எங்கண்ணன் சேவுகன்தான் ஊருக்குத் தலைவரு. அது அந்தப் பிள்ளைககிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? வெயில்ல எதுக்கும்மா அலையுறீக, சனத்தை எல்லாம் கோயில் வாசலுக்கு வரச் சொல்றேன், ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிருங்கன்னுச்சு. நல்ல மனசோடதான் சொல்லுச்சு. அதுல ஒரு பிள்ளை, கண்ணாடி போட்டது, இல்லைங்கய்யா ஒருத்தரு சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிப் பாத்துச்சு. இந்த ஊருல என்னம்மா ரகசியம் கெடக்குன்னு எல்லாரும் சிரிச்சாக.

கோயில் வாசல்ல மேசை போட்டாச்சு. மைக்கு வந்துருச்சு. யாரு கொண்டாரச் சொன்னான்னு எனக்குத் தெரியாது, மேசை போட்டா மைக்கு வந்துரும் எங்க ஊருல. பாண்டின்னு ஒருத்தன், கல்யாணத்துல மொய் வாசிக்கிறவன், அவன் போயி மைக்குக்குப் பின்னால உக்காந்துட்டான். அம்புட்டுத்தான். அண்ணன் எந்திருச்சு ஐந்நூறுன்னுச்சு. பாண்டி வாசிக்கிறான்: மேலத்தெரு சேவுகன் அவர்கள், ஊருணிக்கு, மாசம் ரூவா ஐந்நூறு. அடுத்தாப்புல இருந்தவரு இருபதுன்னு சொல்ல வந்தவரு, வாயை மூடிட்டு நூறுன்னாரு. அவருக்கு நேரு பகை உள்ளவரு நூத்தம்பதுன்னாரு. நூறுநாள் வேலைக்குப் போற பொம்பளைக அம்பது அம்பதுன்னு சொல்றாளுக. அந்தக் கண்ணாடிப் பிள்ளை எழுதாமப் பேனாவை வச்சுக்கிட்டு மலைச்சுப் போயி உக்காந்திருக்கு. நான் கூட்டத்துல நின்னு கையைத் தட்டுனேன் தாயி. ஊருணிக்காக இம்புட்டுச் சனம் இப்படிச் சொல்லுதேன்னு எனக்கு உடம்பு சிலுத்துருச்சு. நெசமாச் சொல்றேன், அன்னைக்கு ராத்திரி சந்தோசத்துல சோறு எறங்கலை.

காவலுக்கு யாருன்னு கேட்டப்ப அண்ணன்தான் எம் பேரைச் சொல்லுச்சு. பஞ்சவர்ணம் இருந்தா ஒருத்தன் காலு வைக்க மாட்டான்னுச்சு. எல்லாரும் ஆமா ஆமான்னாக. என் வாய் அப்படி. எம் புருசன் போயி ஒம்பது வருசமாச்சு, பிள்ளை இல்ல, இந்த வாயும் இல்லைன்னா என்னைய என்னைக்கோ தூக்கித் தின்னிருப்பாக.

ஒரு விசில் வாங்கிக் குடுத்தாக. கழுத்துல தொங்கும். விடிய எந்திருச்சுப் போனேன்னா பொழுது சாயுற வரைக்கும் ஊருணிக் கரையிலதான். செருப்பைப் படியில விடக் கூடாது. மூணாம் படிக்குக் கீழ காலு போகக் கூடாது. தேய்க்காத குடம் உள்ள எறங்கக் கூடாது. எல்லாம் நான் வச்ச சட்டம். ஒருத்தரையும் விட்டதில்ல. கிடை போட வந்த ஆட்டுக்காரன் ஒரு நாளு, அம்மா ஆடு மூணு நாளாத் தண்ணி பாக்கலைன்னு கையெடுத்துக் கும்புட்டான். கம்மாய்க்குப் போப்பான்னுட்டேன். கம்மாய் வத்திக் கெடந்துச்சு, எனக்கும் தெரியும். இருந்தாலும் சட்டம்னா சட்டம். மீனாளோட மக, மாசமா இருக்க பிள்ளை, படியில குமட்டிக்கிட்டு வந்து ஒரு கை தண்ணி அள்ளி வாயைக் கொப்புளிச்சா. ஊதுனேன் பாரு விசிலு. அம்புட்டுப் பொம்பளைகளும் திரும்பிப் பாத்தாக. அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டுக் குடத்தைப் போட்டுட்டுப் போயிருச்சு. இன்னைக்கும் எங்கிட்டப் பேசாது. பேசாட்டிப் போகட்டும், ஊருணி தெளிஞ்சுச்சா இல்லையா? அடியில கெடக்குற கல்லு தெரியும் தாயி. அந்த வருசம் ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்கு வயித்தால போகலை.

ஆனா ஒண்ணு நான் கவனிக்கலை. மைக்குல பேரு சொல்லிக் காசு எழுதுனா, அது எங்க ஊருல மொய்தான். வேற மாதிரி எங்க சனத்துக்குத் தெரியாது. மொய்னா இன்னைக்கு நான் உனக்குச் செய்யிறேன், நாளைக்கு எனக்கு ஒரு தேவைன்னா நீ திருப்பிச் செய்யணும். அதை மறந்தவனை மனுசனாவே மதிக்க மாட்டாக. மூணாம் மாசம் ஒருத்தன் மாட்டை ஓட்டிக்கிட்டு வாரான். நூறு எழுதியிருக்கேன் பஞ்சக்கா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும்ங்கிறான். இன்னொருத்தி கம்பளியை மூட்டையாக் கட்டிக்கிட்டு வாரா. நாங்க என்ன சும்மாவா கேக்குறோம், மாசம் அம்பது எழுதுறோம்லங்கிறா. ஏன்டி, நீ அழுக்காக்காம இருக்கத்தான்டி அம்பதுன்னா அவளுக்குப் புரியலை. எம் பக்கத்துல உக்காந்து பொறுமையாக் கேக்குறா, அப்ப என் அம்பதுக்கு எனக்கு என்ன செஞ்சீகன்னு. தண்ணி குடுத்தேன்டின்னேன். தண்ணி முன்னாடியும் இருந்துச்சேங்கிறா.

இப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் காத்தேன். ஒண்ணரை வருசம். சம்பளம் ஒண்ணாந்தேதி ஆனா அண்ணன் கையில இருந்து வாங்கிக்கிருவேன். ஊர் வசூல் எல்லாம் அங்கதான் சேரும். ஒரு மாசம் தப்புனதில்ல, அதையும் சொல்லணும்.

அண்ணன் டிராக்டரா? உனக்கு யாரு சொன்னா அதை? ஓகோ, கீழத்தெருவை முடிச்சுட்டுத்தான் வாரியா. மீனாள் வீட்டுக்கும் போயிருப்பியே. அதான பாத்தேன்.

கேளு, அதையும் சொல்லிர்றேன். எங்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது. எங்கண்ணன் டிராக்டரைக் கழுவுறது வரத்துக்கால்ல. வரத்துக்கால் வேற, ஊருணி வேற. மழைத்தண்ணி ஊருணிக்கு வந்து சேர்ற வாய்க்கால் அது. மழை பேஞ்சாத்தான் அந்தத் தண்ணி உள்ள வரும். பேயாட்டி அது பாட்டுக்கு அங்கயே கெடக்கும். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு டிராக்டரு, கொஞ்சம் ஆயிலு. ஐந்நூறு குடுக்குற மனுசன், கூடப் பொறந்த அண்ணன், தகப்பன் இல்லாத வீட்டுல என்னைய வளத்துக் கட்டிக் குடுத்தது. அதைப் போயி விசிலு ஊதுறதா? ஊரு கண்ணுல வெளக்கெண்ணெயை விட்டுக்கிட்டுப் பாக்குது. மத்ததெல்லாம் தெரியாது, இது மட்டும் தெரியும்.

சரி, விசயத்துக்கு வாரேன்.

போன வைகாசியில அண்ணன் பேரனுக்கு மொட்டை எடுத்துக் காது குத்துனாக. ஊருணிக் கரைப் பொட்டல்லதான் பந்தல். எட்டுக் கெடா. சுத்துப்பட்டுப் பதினாலு ஊருக்கும் சொல்லியிருந்துச்சு. எனக்குப் பட்டுச் சேலை எடுத்துக் குடுத்துச்சு அண்ணன், அரக்குல பச்சைக் கரை. அதைக் கட்டிக்கிட்டு முத வரிசையில உக்காந்து பேரனை மடியில வச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு நான் காவல்காரி இல்ல, வீட்டுக்காரி. ஆனாலும் விசிலைக் கழட்டலை. பழகிப் போச்சு, தாலிக்கொடி இல்லாத கழுத்துல அது கெடந்தா ஒரு தைரியம்.

பந்தி ரெண்டு முடிஞ்சிருக்கும். தலையைத் திருப்புறேன், ஊருணி செவப்பா இருக்கு.

மொதல்ல வெயில்னு நெனச்சேன். எந்திருச்சுப் போயிப் பாத்தா, சமையக்காரங்க நாலு பேரு பிரியாணி அண்டாவைப் படிக்குக் கீழ எறக்கி, ஊருணிக்குள்ள முட்டளவு நின்னுக்கிட்டுக் கழுவுறாக. எண்ணெய் மெதந்து மெதந்து நடு ஊருணி வரைக்கும் போயிருச்சு. எலும்பு மெதக்குது, எலை மெதக்குது. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. விசிலை வாயில வச்சுட்டேன். எடுக்கவே இல்ல. மூச்சு முட்ட முட்ட ஊதுறேன். மைக்குல பாட்டை நிப்பாட்டிட்டாக. பந்தியில உக்காந்தவுக எலையோட எந்திருச்சுப் பாக்குறாக. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கி, அண்டாவை எட்டி ஒதைச்சேன். அது உருண்டு போயி அந்தத் தலைமைச் சமையக்காரரு கால்ல விழுந்துச்சு. அவரு கத்துறாரு, வீட்டுக்காரருதாம்மா இங்க கழுவச் சொன்னாரு, பைப்புல தண்ணி வரலைன்னாரு.

பொய் சொல்றீகன்னேன். எங்கண்ணன் சொல்லியிருக்காதுன்னேன். மைக்குல பேரு வாசிச்சு ஐந்நூறு எழுதுன மனுசன்யா அதுன்னேன்.

அண்ணன் வந்துச்சு. நான் நெனச்சேன், வந்து அவனுகளை நாலு சாத்து சாத்தும்னு. என்னையத்தான் பாத்துச்சு. விசிலை வாயில இருந்து எடு ஆத்தான்னுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. எடுத்தேன். மேல வா, சம்பந்தகாரவுக பாக்குறாகன்னுச்சு. அண்ணே, தண்ணியைப் பாருண்ணேன்னேன். நாளைக்குத் தெளிஞ்சுரும் வான்னுச்சு. தெளியாதுண்ணே, எண்ணெய், நீயே ஐந்நூறு எழுதி நீயே இப்படிப் பண்ணலாமா, ஊருணிக்குன்னு எழுதுனியேன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். அப்பத்தான் சொல்லுச்சு.

ஊருணிக்கா எழுதுனேன்? உனக்கு எழுதுனேன் ஆத்தா. புருசன் இல்லாதவ, கையேந்தாம கௌரவமா நாலு காசு பாக்கட்டும்னு உனக்கு எழுதுனேன். இல்லாட்டி இந்தத் தண்ணியை யாரு தூக்கிக்கிட்டுப் போறான்னு மாசம் ஐந்நூறு அழுவேன்? அப்படின்னுச்சு.

எல்லாரும் கேட்டாக தாயி. பதினாலு ஊரும் கேட்டுச்சு. எங்க ஊருச் சனம் ஒருத்தரு மூஞ்சியிலயும் ஆச்சரியம் இல்ல. அதைத்தான் என்னால மறக்க முடியலை. அம்புட்டுப் பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை. ஒண்ணரை வருசமா ஊரு தண்ணிக்குக் காசு குடுக்குது, நான் தண்ணியைக் காக்குறேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கரையில நடந்தேன். அவுக எனக்குப் பிச்சை போட்டிருக்காக. போட்டுட்டு என்னைய விசிலு ஊத விட்டு வேடிக்கை பாத்திருக்காக.

கட்டுன சேலையோட வீட்டுக்கு வந்தேன். சாப்புடலை. சேலையை அவுத்து, தொவைச்சு, காய வச்சு, மடிச்சு, மறுநாளு எதுத்த வீட்டுப் பொண்ணுகிட்ட அண்ணன் வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன். விசிலையும் அதுக்கு மேலயே வச்சுட்டேன். நல்லா மடிச்சுத்தான் குடுத்தேன், ஒரு கறை இல்ல. பொறந்த வீட்டுச் சேலையைத் திருப்பி அனுப்பலாமான்னு எதுத்த வீட்டுக்காரி கேட்டா. அவளுக்கு என்ன தெரியும். நான் கோவத்துல அனுப்பலை தாயி. எனக்கு வேணாம்னு அனுப்புனேன், அவ்வளவுதான். அதுக்குப் போயி ஒரு மனுசன் ஒம்பது மாசமாப் பேசாம இருப்பானா?

அடுத்த மாசம் ஒருத்தரும் காசு தரலை. நான் ஒவ்வொரு வீடாப் போயிக் கேட்டேன். காவல் இருக்கேன், சம்பளம் குடுத்தாலும் சரி குடுக்காட்டியும் சரி, வேலியாச்சும் போடுங்கன்னு கேட்டேன். நாங்க தலைவரு முகத்துக்காக எழுதுனோம் பஞ்சக்காங்கிறாக. அவரே நிப்பாட்டிட்டாரு, நாங்க குடுத்தா அவரை எதுத்த மாதிரி ஆகாதாங்கிறாக. நூத்தம்பது சொன்னாரே ஒருத்தரு, அவரு சொல்றாரு, எதிராளி நூறு சொன்னான், அதுக்காகச் சொன்னேன்னு. ஆகக் கூடி அன்னைக்குக் கோயில் வாசல்ல ஊருணியை ஒருத்தரும் நெனைக்கலை. அண்ணன் என்னைய நெனைச்சுச்சு, ஊரு அண்ணனை நெனைச்சுச்சு, அவனவன் பகையாளியை நெனைச்சான். கைதட்டுனவ நான் ஒருத்திதான் ஊருணிக்காகத் தட்டியிருக்கேன்.

மீனாளா? ஆமா, அவ மட்டும் அதுக்குப் பெறகும் மூணு மாசம் குடுத்தா. அம்பது அம்பதா எங்கிட்டயே கொண்டாந்து குடுத்தா. மாமியா செத்ததுல இருந்து அவளுக்கு இந்தத் தண்ணின்னா ஒரு பயம். நாலாம் மாசம் வந்து நின்னா. இனிமே தரலைக்கான்னா. ஏன்டி, நீயுமான்னேன். அதுக்கு அவ கேக்குறா தாயி, எம் மக வாய் கொப்புளிச்சதுக்கு ஊருக்கே கேக்க ஊதுனீகளே, உங்க அண்ணன் டிராக்டரு ஆயிலு வாய்க்கால்ல ஓடுனப்ப உங்க விசிலு எங்க போச்சுன்னு. அன்னைக்கு அண்டாவுக்கு ஊதுனதை ஒரு வருசத்துக்கு முன்னாடி டிராக்டருக்கு ஊதியிருந்தா நான் சாகுற வரைக்கும் குடுத்திருப்பேன்னா.

எம்புட்டு ஏத்தம் பாரு. மூணு அம்பதைக் குடுத்துட்டு என்னையவே கேள்வி கேக்குறா. சண்டைக்காரியோட என்ன பேச்சு. ஆனா தூங்கலாம்னு படுத்தா அவ மூஞ்சி வந்து நிக்குது. எதுக்குன்னு எனக்கே வெளங்கலை. மத்தவுக மூஞ்சி ஒண்ணும் வரலை, அவ மூஞ்சிதான் வருது.

இப்ப ஊருணியைப் போயிப் பாரு. பச்சையா இருக்கும், கிட்டப் போனா மூக்கைப் பொத்துவ. அதுக்காகச் சனம் சாகுமா? கேன் வண்டி வருது. ஒரு கேன் முப்பது ரூவா, வாரத்துக்கு ரெண்டு மூணு, பெரிய வீட்டுக்கு அஞ்சு. மைக்கு இல்ல, மேசை இல்ல, ஒருத்தரும் ஒருத்தரு மூஞ்சியைப் பாக்குறதில்ல. வண்டிச் சத்தம் கேட்டா சில்லறையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துர்றாக. அம்பது ரூவாய்க்கு அழுதவ மாசம் முந்நூறு எடுத்துக் குடுக்குறா. நானுந்தான் குடுக்குறேன். வயித்துக்கு வேணுமே.

சரி, இப்பக் கேளு உன் கேள்வியை. படிச்சுக் காட்டு, கண்ணு சரியாத் தெரியலை. ஒண்ணுமில்ல, இருபது, அம்பது, நூறு, இருநூறு, அதுக்கு மேல. ம். நான் ஏற்கெனவே குடுத்ததைச் சொல்லவா? பொறந்த வீட்டைக் குடுத்துட்டேன் தாயி. ஒரு அண்ணன், ஒரு அண்ணி, நான் தூக்கி வளத்த மக, அவ கல்யாணம். அதுக்கு எந்தக் கட்டத்துல போடுவ?

இனிமே குடுக்குறதை மட்டுந்தான் எழுத முடியுமா? அதுவும் சரி. அப்ப அந்தக் கடைசிக் கட்டத்துல போடு. அதுக்கு மேலன்னு. தொகை எழுதணுமா? முந்நூறு. கேனுக்குக் குடுக்குறதை ஊருணிக்குக் குடுக்குறேன். புளி தட்டுற காசு இருக்கு, கட்டிருவேன். எம் பேரைத் தெளிவா எழுது, பஞ்சவர்ணம், மேலத்தெரு. ஒருத்தியாச்சும் தண்ணிக்காகச் சொன்னான்னு உங்க ஆபீசுல தெரியட்டும். இந்தா, கையெழுத்துப் போட்டுட்டேன். போயிட்டு வா. வெயில் ஏறுது, தலையில முந்தானையைப் போட்டுக்க.

அடுத்து எந்த வீடு?

தலைவரு வீட்டுக்கா. அவரு எதுக்கு? எல்லாக் காயிதத்துலயும் அவரு ஒரு கையெழுத்துப் போடணுமா. எல்லாத்துலயுமா? கடைசிக் காயிதத்துல மட்டும் போட்டாப் பத்தாதா?

எங்கண்ணன் பாக்காமப் போடாது. அது பழக்கமே அப்படி. கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா வாசிச்சுட்டுத்தான் போடும்.

நில்லு தாயி. இப்படி வந்து உக்காரு. அந்தக் காயிதத்தை எடு. எடு சொல்றேன். இன்னைக்குத் திங்கக்கிழமைதான? நாளைக்கு, நாளான்னைக்கு, முழுசா ரெண்டு நாளு கெடக்கு. கல்யாண வீட்டுல ஆயிரம் சோலி இருக்கும், வெளியூருப் பாக்கை முடிச்சுட்டு உள்ளூரு சொந்தத்துக்குக் கடைசியா வருவோம்னுகூட இருந்திருப்பாக. அண்ணி மட்டுமாச்சும் சாயங்காலம் ஒரு எட்டு வரலாம். அது இளகுன மனசு. இந்த நேரம் பாத்து அது கண்ணுல ஊருணிக்கு முந்நூறுன்னு எம் பேரு பட்டுச்சுன்னா, இவளுக்கு இன்னும் வீம்பு அடங்கலைன்னு நெனைச்சுரும்ல.

அதை அடிச்சுரு. ஒண்ணுமில்லைங்கிற கட்டத்துல போடு. ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன், போடு. கல்யாணம் முடியட்டும். வெள்ளிக்கிழமை வா தாயி, அப்பக் கேளு, நெசத்தைச் சொல்றேன்.